உச்சி பார்க்காத ஐசியா

கீபோ மலையின் உச்சியில் என்ன இருக்கிறது என்று யாராவது ஐசியாவிடம் கேட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "எனக்கென்ன தெரியும்? போய்ட்டு வந்தவங்களப் போய்க் கேளு!" என்று கரண்டியைப் பானை விளிம்பில் ஓங்கித் தட்டுவாள். கேட்டவர் பாவம், தெரியாமல் கேட்டிருப்பார். மலையேற வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டே காலத்தைக் கழித்தவள், மழையும் வெயிலும் பாராமல் அந்த மலையில் ஏறி இறங்குகிறவள், உச்சியைப் பார்க்காமலா இருப்பாள் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

பார்க்கவில்லை. அதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல்.

சமையல்காரர்களின் எல்லை மலைவழியில் தங்கும் கடைசிக் குடிலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வழிகாட்டியும் துணைக்கு ஓர் ஆளும் விருந்தாளிகளும் மட்டும்தான் போவார்கள். கடைசிக் குடிலின் கதவைத் திறந்தால் எதிரே ஒன்றும் இல்லை, மலை மட்டும்தான். கழுத்தை எவ்வளவு நிமிர்த்தினாலும் முடியாத சாம்பல் நிறச் சரிவு. அதற்கும் மேலே, வானத்துக்குள் நுழைந்துவிட்ட ஒரு வெள்ளை விளிம்பு. ஐசியா அதைப் பார்த்தபடி வெங்காயம் உரிப்பாள். விருந்தாளிகள் போய்த் திரும்பி வரும்போது அவர்கள் கையில் சூப்புக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "மேலே என்ன பாத்தீங்க?" என்று கேட்பாள். ஒருவர் அழுதார். ஒருவர் பனி என்றார். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் ஐசியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு பெரிய மனிதர் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை என்று கைவிரித்தார். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு சாப்பிட்டு, ஒருத்தராவது ஒழுங்காகச் சொன்னார்களா என்று அவள் பொருமுவாள்.

அவள் புருஷன் எலியமானியும் அதே மலையில் சுமை தூக்கியவர்தான். அவருக்கும் கடைசிக் குடில்தான் எல்லை. "நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல உச்சியப் பாக்குறோம்னு பாத்துருவோமா?" என்று படுக்கப் போகும்போதெல்லாம் பந்தயம் கட்டுவார். பந்தயம் முடிவதற்குள் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. மலையடியில் எங்கள் மராங்கு ஊர்ப் பக்கத்தில் செத்தவர்களைக் கீபோவைப் பார்த்த மாதிரி கிடத்தித்தான் புதைப்போம். அவரையும் வீட்டுக்குப் பின்னால் வாழைத் தோப்பில் அப்படித்தான் கிடத்தினார்கள். வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிடப் போகும்போது ஐசியா நின்று சொல்லிவிட்டு வருவாள்: "நீ படுத்த எடத்துலேர்ந்தே பாத்துக்கிட்டிருக்க. நான்தான் நடையா நடக்குறேன்."

எலியமானியின் தம்பி ஒபேதி. தலைமை வழிகாட்டி. ஆள் நெடுநெடுவென்று இருப்பான், பேச்சை அளந்துதான் விடுவான். அவன் முன்னால் நடந்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் பயம் போய்விடும். உச்சிக்கு யார் துணைக்கு வரவேண்டும் என்று சொல்கிற உரிமை அவனுக்குத்தான். "அண்ணி, உங்கள ஒருநாள் நானே மேலே கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் வாயால் சொல்லியும் இருந்தான். அதற்குள் அந்தக் கிறிஸ்துமஸ் வந்து தொலைந்தது.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஆட்கள் எந்த ஊரில் இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆடு அடித்தால் அதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமைக்காரர் உண்டு. நெஞ்சுக்கறி அந்த வீட்டின் மூத்த ஆணுக்கு. எலியமானி போனபிறகு அது ஒபேதிக்குச் சேரவேண்டியது. அன்றைக்கு ஐசியாவின் முற்றத்தில் ஜனம் தேனீயாய் மொய்த்தது. வாழைக்காய்ச் சூப்பில் கறி போதவில்லை. ஐசியா பார்த்தாள். எதிரே ஒரு நல்ல கொழுத்த நெஞ்சுக்கறி சும்மா கிடந்தது. மலைச் சமையல்காரியின் புத்தி, வயிறுகளைத்தான் எண்ணும். துண்டு போட்டுப் பானைக்குள் தள்ளிவிட்டாள்.

ஒபேதி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். எல்லோருக்கும் அவரவர் பங்கு வந்தது. அவனுக்கு வந்தது ஒரு கிண்ணம் சூப்பு. அவன் கிண்ணத்தைப் பார்த்தான், பானையைப் பார்த்தான். "அண்ணன் போனதோட இந்த வீட்ல எனக்கிருந்த மரியாதையும் போச்சு" என்றான்.

அப்போதே தப்புத்தான் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் இவளுக்கு வாய் சும்மா இருக்குமா? "கறி எல்லார் வயித்துக்குள்ளயும்தானே போச்சு, காத்துலயா போச்சு?" என்றாள். முற்றமே கொல்லென்று சிரித்தது. ஒபேதி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணி என்ற சொல்லையே அவன் வாய் மறந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மலைக்குப் போகும்போது சமைக்க அவளைத்தான் கூப்பிடுவான். வேறு யார் சமையலையும் நம்பி விருந்தாளிகளை மேலே ஏற்ற அவனுக்கு மனம் வராது. கூப்பிடுவதும் நேராக அல்ல, சுமைக்காரர்களின் மேஸ்திரி கிமாரியோ மூலமாகத்தான். கிமாரியோ குண்டு மனிதன், ஓயாத வாய்.

"கிமாரியோ, நாளைக்குச் சீக்கிரம் கெளம்பணும்னு சமையக்காரம்மாகிட்ட சொல்லு."

சமையல்காரம்மா அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"கிமாரியோ, சீக்கிரம்னா எப்போன்னு பெரியவருகிட்ட கேளு."

"யப்பா, நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா? மூட்டையும் தூக்கணும், உங்க பேச்சையும் தூக்கணுமா?" என்று கிமாரியோ தலையில் அடித்துக்கொள்வான்.

இந்த நிலைமையில்தான் கிராசா என்ற அம்மாள் வந்தாள். லிஸ்பன் நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள். இருட்டில் கண் சரியாகத் தெரியாது, அதனால் மற்றவர்கள் மாதிரி நடுராத்திரியில் உச்சிக்குக் கிளம்ப மாட்டேன், வெளிச்சம் வந்தபிறகு மெதுவாக ஏறுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவள் ஒருத்திதான் விருந்தாளி. சின்னக் குழு, பகல் நடை. இந்தத் தடவை விட்டால் இனி எப்போது என்று ஐசியாவுக்குத் தோன்றிவிட்டது. ஒபேதியின் கோபத்தை ஆற்றினால் உச்சி, இல்லையென்றால் வெங்காயம்.

ஆற்றுவதற்கு எங்களிடம் வழி உண்டு. வேலி ஓரத்திலும் கல்லறை ஓரத்திலும் இசாலே என்று ஒரு செடி நிற்கும், நீள நீளமான இலை. அதில் ஒன்றைப் பறித்து, முடிச்சுப் போட்டு, கோபமாக இருக்கிறவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் மன்னித்தே ஆகவேண்டும். கொலைப் பகையே அந்த இலையில் தீர்ந்திருக்கிறது. வாங்கியபிறகு முடியாது என்று சொன்னவன் எங்கள் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே, மன்னிக்க மனமில்லாதவனுக்கு இருப்பது ஒரே வழி. இலை வைத்திருக்கும் கைக்கு எட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

ஐசியா இலையைப் பறித்து முடிச்சுப் போட்டு முட்டைக்கோஸ் கூடைக்குள் ஒளித்து வைத்தாள். காட்டுக்குள் இருக்கும் முதல் குடிலுக்குப் போய்ச் சேருவதற்குள் கிமாரியோ அதைப் பார்த்துவிட்டான். கிமாரியோ பார்த்தால் மலையே பார்த்த மாதிரி.

அன்றிலிருந்து ஒபேதி அவள் சமையலைத் தொடவில்லை. தட்டுக்கு அடியில் இலையை வைத்துக் கொடுத்துவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் அதைத்தான் செய்ய இருந்தாள் என்பதும் உண்மை. கிமாரியோ கையில் தட்டைக் கொடுத்து அனுப்பினாலும், "பசியில்லன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பினான். சட்டைப்பையில் கொஞ்சம் வேர்க்கடலையும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு அதையே கொறித்தான்.

"அண்ணே, சூப்பு வாசன காட்டையே தூக்குது. ஒரு வாய்..."

"வேணாம்னா வேணாம்."

"இலைக்குப் பயந்து பட்டினி கெடக்குற மொத ஆளு நீங்கதாண்ணே!" என்று கிமாரியோ அந்தத் தட்டையும் தானே காலி செய்தான். ஐசியா பார்த்தாள். நீ எவ்வளவு நாள் ஓடுவாய், நானும் பார்க்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

காடு முடிந்து புதர்க்காடு வந்தது. புதரும் முடிந்து புல்லும் முடிந்து, கல்லும் காற்றும் மட்டும் இருக்கிற பெரிய வெட்டவெளி வந்தது. ஒரு பக்கம் மாவென்சிச் சிகரம், உடைந்த பல் வரிசையோடு. எதிரே கீபோ. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் ஐசியா கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றுவிடுவாள். அம்மாடி, இவ்வளவு பெரியதை யார் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். கிராசாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

கடைசிக் குடிலில் தண்ணீர் கிடையாது. கீழே ஓடையிலிருந்து சுமந்துதான் வரவேண்டும். உச்சிக்குத் துணைக்குப் போகவேண்டியவன் கிமாரியோ. தண்ணீர் கேனோடு ஏறி வரும்போது கல் பிசகி, கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. விடிகிற நேரத்தில் அவன் காலை ஒரு மூட்டைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் படுத்திருந்தான். ஒரு பக்கம் ஒபேதி, ஒரு பக்கம் ஐசியா. மற்ற சுமைக்காரர்கள் எல்லாரும் அதற்குமுன்பே தேவைப்படாத பாத்திரம் பண்டங்களோடு கீழ்க்குடிலுக்கு இறங்கிவிட்டார்கள்.

"கிமாரியோ, தொணைக்கு ஒரு ஆளு இல்லாம அந்த அம்மாவ நான் மேலே கூட்டிட்டுப் போகமுடியாது."

"கிமாரியோ, இங்க ரெண்டு காலும் நல்லா இருக்குற ஆளு ஒண்ணு நிக்குதுன்னு சொல்லு."

"சமையல யாரு பாப்பான்னு கேளு."

"அட, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசித் தொலைங்களேன்! கால் வலி ஒருபக்கம், உங்க வலி ஒருபக்கம்!" என்று கிமாரியோ கத்தினான். "நான் படுத்துக்கிட்டே தண்ணி கொதிக்க வெக்கிறேன். போங்க, போங்க!"

ஒபேதி வெளியே போனான். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "கையுறை போட்டுக்கச் சொல்லு" என்றான்.

ஐசியா வாழைக்காய்ச் சூப்பைப் பிளாஸ்கில் ஊற்றித் திருகினாள். இலையை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி, "போய்ட்டு வரேன்" என்று கிமாரியோவிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

இத்தனை காலம் வாசலிலிருந்து பார்த்த சரிவில் இப்போது அவள் கால் இருந்தது. சரளைக் கல், ஓர் அடி வைத்தால் பாதி அடி பின்னால் வழுக்கும். ஒபேதி முன்னால், கிராசா நடுவில், ஐசியா கடைசியில். மூச்சு ஒவ்வொன்றையும் இழுத்து வாங்கவேண்டியிருந்தது. மாவென்சிக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே மேகம். கண்ணுக்கெட்டிய தூரம் மேகம்தான். மாவென்சி ஒரு தீவாக அதில் நின்றது. கடைசிக் குடில் ஒரு தீப்பெட்டி. அவளுடைய ஆயுசெல்லாம் ஓடிய இடம் அவ்வளவுதான் இருந்தது. "ஆண்டவரே!" என்று அவளுக்குச் சத்தமாகவே வந்துவிட்டது. கிராசா திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

விளிம்பு பக்கத்தில் தெரிந்தது. அதை எட்டிவிட்டால் அப்புறம் உச்சிவரைக்கும் அவ்வளவு செங்குத்து இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து ஒபேதி நின்றான். தடியை ஊன்றினான். பிறகு மெல்ல ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

மலையேறும்போது ஒபேதி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஐசியா ஓட முடியாத இடத்தில் ஓடினாள். அவன் முகம் வெளுத்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கிடலாம்" என்றான், கல்லைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ஒடம்பு சரியில்ல. நான் எறங்குனா எல்லாரும் எறங்கணும்."

ஐசியா மேலே பார்த்தாள். விளிம்பு அதோ. கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. ஆனாலும் மலை நோய் வந்தவன் என்றால் ஒரு நொடி தாமதிக்கக்கூடாது, இழுத்துக்கொண்டாவது இறங்கவேண்டும், அது அவளுக்கும் தெரியும். குனிந்து அவன் உதட்டின் நிறத்தைப் பார்த்தாள். மூச்சில் காதை வைத்தாள். தலை வலிக்கிறதா என்றாள், இல்லை என்று அசைத்தான். எழுந்து நேராக நாலடி நடக்கச் சொன்னாள், தள்ளாடாமல் நடந்தான். உன் அம்மா பேர் என்ன என்றாள், சரியாகச் சொன்னான். நேற்று என்ன சாப்பிட்டாய் என்றாள். அவன் கை கடலை இருந்த சட்டைப்பைக்குப் போயிற்று.

"அடப்பாவி!" என்று ஐசியா வெடித்தாள். "பசிடா உனக்கு! வெறும் பசி! எத்தன பேரத் தின்னு தின்னுன்னு மெரட்டி மலையேத்துன நீ, கடலையக் கொறிச்சுக்கிட்டு ஏறியிருக்கியே, அறிவு இருக்கா?"

பிளாஸ்கைத் திறந்தாள். ஆவி பறந்தது. கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். ஒபேதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கையில இலை இருக்கா?"

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவன் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சட்டைக்குள்ள இருக்கு."

அவன் கையை நீட்டவில்லை. ஐசியாவுக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. இப்போது கிண்ணத்தோடு இலையையும் சேர்த்து அவன் கையில் திணித்துவிட்டால் அவனால் என்ன செய்யமுடியும்? நடுங்குகிற கை, தட்டிவிடக்கூடத் தெம்பு இல்லை. சண்டையும் தீர்ந்தது, உச்சியும் கிடைத்தது. அவள் இலையை வெளியே எடுத்தாள். அதைப் பாறையில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் வைத்தாள். வெறுங்கையைப் புரட்டிக் காட்டினாள்.

"இந்தா பாத்துக்க. இலை வேற, சோறு வேற. பசிச்சவன்கிட்ட நான் பேரம் பேசமாட்டேன். குடி. குடிச்சிட்டு என்மேல கோவமாவே இரு. எறங்கணும்னாலும் எறங்கு, நான் ஒண்ணும் சொல்லல."

ஒபேதி கிண்ணத்தை வாங்கினான். ஒரு வாய் குடித்தான். பிறகு நிறுத்தவே இல்லை. அவள் இன்னொரு கிண்ணம் ஊற்றினாள், கிராசாவுக்கும் ஒன்று. கொஞ்ச நேரத்தில் அவன் முகத்துக்கு நிறம் திரும்பியது. கை நடுக்கம் நின்றது. எழுந்தான், இரண்டடி வைத்துப் பார்த்தான். பிறகு பாறையருகே குனிந்து, கல்லை நகர்த்தி, அந்த இலையைத் தானே எடுத்தான்.

"எங்க பறிச்சது?"

"அவரு தலமாட்டுல."

ஒபேதி அந்த முடிச்சைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி, இலையை அதற்குள் வைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான். "நடங்க" என்றான். மேலே நோக்கி.

விளிம்பைத் தாண்டியதும் ஐசியாவுக்குக் கண் கூசியது. ஒரு பக்கம் மலை உள்ளே குழிந்து கிடந்தது, ஓர் ஊரையே இறக்கி வைக்கலாம், அவ்வளவு பெரிய குழி. இன்னொரு பக்கம் பனி, வீடு வீடாக, வெட்டிய மதிலாக, உள்ளுக்குள் நீலம் கசிய நின்றது. அவர்கள் விளிம்போடு நடந்தார்கள். நடக்க நடக்க மேலே இருந்த இடமெல்லாம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு மேலே என்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று. வானம் இருந்தது, அதுவும் கறுநீலமாக, மிகப் பக்கத்தில். அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. அழுத அந்த மனிதரையும், கட்டிப்பிடித்த அந்தப் பெண்ணையும், ஞாபகமில்லை என்று கைவிரித்த பெரியவரையும் நினைத்துக்கொண்டாள். பாவம், அவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. கிராசா மண்டியிட்டு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனை காலம் ஏங்கியதைக் கண் நிறையப் பார்த்தாயிற்று. எலியமானியிடம் பந்தயத்தில் ஜெயித்தாயிற்று என்றும் ஓர் அற்ப சந்தோஷம் வந்தது.

ஒபேதி தனியாக ஒரு பக்கம் போய் நின்றிருந்தான். மராங்கு இருக்கும் திசை. கீழே மேகம் மூடிக் கிடந்தது, ஊரும் தெரியவில்லை, தோப்பும் தெரியவில்லை. அவன் தொப்பியைக் கழற்றினான். இலையைக் கையில் எடுத்துக்கொண்டு, மேகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்:

"அண்ணா, நல்லாப் பாத்துக்க. உனக்கு நேரா வந்து நிக்கிறாங்க எங்க அண்ணி."

ஐசியா திடுக்கிட்டுப் போனாள். தான் பார்ப்பதையே நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, இந்த இடத்தையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு கிடக்கிற எலியமானி இங்கே வந்து நிற்கிற தன்னையும் பார்ப்பார் என்பது இதுவரை தோன்றவே இல்லை. அவள் ஒபேதிக்குப் பக்கத்தில் போய் மேகத்துக்கு நேராக நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக இறங்கியது. துடைத்துக்கொண்டாள். காற்றில் கலைந்திருந்த தலைத்துணியை அவிழ்த்து, உதறி, ஒழுங்காக மறுபடி கட்டிக்கொண்டாள்.